நடு வளைவில் அடுப்புச் சாம்பல்

என் வீட்டுக்காரர் பாலம் கட்டிய வருஷத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர்ப் பானைகள் இருந்தன. ஒன்று குடிப்பதற்கு. இன்னொன்றின் அடியில் எலுமிச்சங்காய் அளவுக்குக் காரை உருண்டைகள் முங்கிக் கிடக்கும். ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்த சித்தப்பா, வெயிலில் நடந்த தாகத்தில் கேட்காமல் கொள்ளாமல் இரண்டாவது பானையில் சொம்பை விட்டு மொண்டு குடித்துவிட்டார்.

"என்னம்மா தண்ணி இப்படிச் சுண்ணாம்பு நாத்தம் அடிக்குது?"

"அது தண்ணி இல்லீங்க சித்தப்பா. உங்க மாப்பிள்ளையோட பரீட்சை" என்றேன். நல்ல வேளையாக அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்தால் மோர்தான் கேட்பார், அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

என் வீட்டுக்காரர் கொத்து மேஸ்திரி. மொரப்பூரிலிருந்து தீர்த்தமலைக்குப் போகும் வழியில் எங்கள் ஊரை ஒட்டி ஓர் ஆறு குறுக்கிடும். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அது ஆறே இல்லை, மணல்தான். மேற்கே மழை பெய்துவிட்டால் போதும், வந்த வேகத்தில் மாட்டையும் வண்டியையும் சேர்த்து உருட்டிக்கொண்டு போகும். அதன் குறுக்கே மூன்று வளைவு வைத்துக் கல் பாலம் கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. சிமெண்ட் என்பதைப் பெயராகத்தான் கேட்டிருந்தோம். இருந்த சிமெண்டெல்லாம் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டது. சுண்ணாம்புக் காரையில்தான் கட்டியாக வேண்டும்.

வெறும் சுண்ணாம்பும் மணலும் சேர்த்த காரை காற்றில் இறுகும், தண்ணீரில் இறுகாது. என் வீட்டுக்காரர் சின்ன வயசில் காவிரியில் பெரிய அணை கட்டியபோது அங்கே போய் வேலை செய்தவர். நன்றாக வெந்த செங்கல்லைத் தூளாக்கிச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்தால் தண்ணீருக்குள்ளேயே கல்லாகிவிடும் என்று அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார். ஆனால் எங்கள் பக்கத்துச் சூளைக்காரர்கள் அப்போது யுத்தக் கொட்டகைகளுக்குச் செங்கல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முழுக் கல்லே கிடைக்காதபோது, உடைத்துப் பொடியாக்குவதற்கு யார் தருவார்கள்?

ஒரு நாள் மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனவர் சாயங்காலம் துண்டில் எதையோ மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அரூர் சந்தையில் நான் பார்த்துப் பார்த்து வாங்கிக்கொடுத்த துண்டு. பிரித்தால், உள்ளே கன்னங்கரேலென்று சாம்பல்! ரயில் எஞ்சின் கரியை எரித்துவிட்டுக் குழியில் தள்ளுகிற சாம்பலாம். துண்டு போனதுகூடப் பரவாயில்லை. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வருகிறேன், மனுஷர் என் அம்மி முன்னால் உட்கார்ந்து அந்தச் சாம்பலையும் சுண்ணாம்பையும் வைத்து நெறநெறவென்று அரைத்துக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டு ஆடு மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டது.

"அம்மிய கழுவிக்கலாம் புள்ள" என்றார்.

"நீங்க கழுவுங்க. கழுவி, நீங்களே மொளகா அரைச்சு, நீங்களே கொழம்பு வையுங்க மாமா" என்றேன். கழுவினார். குழம்பும் வைத்தார். அதை வாயில் வைக்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படித்தான் அந்த இரண்டாவது பானை வந்தது. மூன்று உருண்டை பிடித்துப் போட்டார். வெறும் சுண்ணாம்பும் மணலும் ஒன்று, எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த செங்கல் தூள் சேர்த்தது ஒன்று, ரயில் சாம்பல் சேர்த்தது ஒன்று. தினமும் எழுந்ததும் பல் துலக்குகிறாரோ இல்லையோ, பானைக்குள் கையை விட்டுக் கட்டை விரல் நகத்தால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்ப்பார். முதல் உருண்டை கூழாகக் கரைந்துவிட்டது. செங்கல் தூள் உருண்டை இறுகியது. ரயில் சாம்பல் உருண்டை அதற்குச் சளைக்காமல் இறுகியது. ஒரு காலையில் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கே ஓடிவந்தார்.

"பாரு புள்ள, நகம் எறங்கல! நீ அழுத்திப் பாரு."

அழுத்தினேன். என் நகம்தான் உடைந்தது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கோபமெல்லாம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பாலத்து வேலைக்கு ஓர் இளவட்ட ஓவர்சியர் வந்திருந்தார். நல்ல மனுஷர், படித்தவர், கூட்டத்தைக் கண்டால் மட்டும் நாலு வார்த்தை பேசாமல் இருக்க மாட்டார். அவரும் வந்து பேனாக்கத்தியால் அந்த உருண்டையைக் கீறிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மேலிடத்துக்கு எழுதி அனுமதியும் வாங்கிவிட்டார்.

ஆற்றங்கரையில் வட்டமாக ஒரு தொட்டி கட்டி, அதற்குள் கல் சக்கரத்தை இரண்டு காளைகள் இழுத்துச் சுற்றும்படி செய்தார்கள். சுண்ணாம்பும் மணலும் சாம்பலும் அதில் மசிய மசிய அரைபட்டுக் கறுப்புக் காரையாக வழியும். காளைகளை ஓட்டியவர் காளைகளிடம் கன்னடத்திலும் எங்களிடம் தமிழிலும் பேசுவார். காளைகளிடம் பேசும்போதுதான் மரியாதை அதிகம்.

முதல் வளைவு முடிந்து முட்டுப் பிரிக்கிற நாள் வந்தது. வளைவு கட்டும்போது அடியில் மரச்சட்டம் அமைத்து, அதற்கு ஆப்பு வைத்து முட்டுக் கொடுத்துத்தான் கல் அடுக்குவார்கள். காரை இறுகியதும் ஆப்புகளைத் தட்டி எடுத்தால் சட்டம் இறங்கும், வளைவு தன் காலில் நிற்கும். அந்த நேரத்தில் கட்டின மேஸ்திரி வளைவுக்கு அடியில் போய் உட்கார வேண்டும். இது என் வீட்டுக்காரர் வகையறாவில் வழக்கம். தன் தலைக்கு மேலே நிற்காத வளைவை ஊரார் தலைக்கு மேலே நிறுத்தக் கூடாதாம். அவரும் போய் உட்கார்ந்து, சாவகாசமாக வெற்றிலை மடித்துப் போட்டார். ஆப்புகள் விழுந்தன. வளைவு நின்றது. ஊரே கைதட்டியது. நான் மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு நின்றேன். இன்னும் இரண்டு வளைவு இருக்கிறதே!

இதற்குள் ஊரில் யாரோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்கள். கறுப்புக் காரையில் போடுவது சுடுகாட்டுச் சாம்பல் என்று. கல்லும் காரையும் சுமக்க வந்துகொண்டிருந்த பெண்கள் மறுநாள் வரவில்லை. ஓவர்சியர் அவர்களைப் புளியமரத்தடியில் கூட்டி வைத்துப் பேசினார். ஆரம்பித்தால் நிறுத்துவாரா? ரயில் எப்படி ஓடுகிறது, கரி எங்கே தோண்டுகிறார்கள், எல்லாம் சொன்னார். கடைசியில், "சாம்பல் இல்லாத வூடு உண்டாம்மா? உங்க அடுப்பிலயும்தான் சாம்பல் இருக்குது. அது தீட்டா? இந்தப் பாலம் உங்க பாலம். இது ஒவ்வொரு வூட்டுக்கும் சொந்தம்" என்று உருகி உருகிப் பேசி முடித்தார். பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்துபோனார்கள். புரளி அடங்கிவிட்டது.

எங்கள் பக்கம் கோயில் கட்டினால் வீட்டுக்கு வீடு ஏதாவது கொடுப்பார்கள். படி தானியமாவது, ஒரு கூடை மண்ணாவது. கொடுக்காவிட்டால் அந்தக் கோயிலில் போய்க் கும்பிடக் கூச்சமாக இருக்கும். ஓவர்சியர் பேசியதை அந்தப் பெண்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பாலத்துக்கு வீட்டுக்கு ஒரு கூடை அடுப்புச் சாம்பல்! அதுவும் வெள்ளிக்கிழமை வீட்டுப் பொருளை வெளியே கொடுக்க மாட்டார்களா, வியாழக்கிழமையே எல்லாரும் அடுப்பை வழித்துச் சலித்து எடுத்துக்கொண்டு வரிசையாக ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார்கள்.

அன்று பார்த்து என் வீட்டுக்காரர் சாம்பல் ஏற்ற மொரப்பூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தார். நானும் உடன் போயிருந்தேன், ரயில் பார்க்க வேண்டும் என்று. ஓவர்சியர் சேலம் போயிருந்தார். காளைக்காரருக்கோ கையிருப்புச் சாம்பல் தீரும் நிலை. கூடைகளைப் பார்த்ததும் மகாலட்சுமியே வந்தாள் என்று நினைத்துவிட்டார். "பூதின்னா பூதிதானே, எந்தச் சாம்பலா இருந்தா என்ன?" என்று தன் கன்னடத்தையும் கலந்து சொல்லி, மிச்சமிருந்த ரயில் சாம்பலோடு அதையும் தொட்டியில் கொட்டி அரைத்துக் கொடுத்துவிட்டார். கொத்தர்கள் அந்தக் காரையை வைத்து நடு வளைவின் உச்சிக் கற்களை அடைத்து, வளைவை மூடிவிட்டார்கள்.

மறுநாள் நான் சாம்பல் மூட்டை மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு ஆற்றங்கரைக்கு வருகிறேன், பெண்கள் எல்லாம் வண்டியைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களில் வாயாடி ஒருத்தி உண்டு. ஒரே மகளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்தவள். முந்தின வருஷம் மகளுக்குப் பிரசவம் ஆனபோது ஆற்றில் வெள்ளம், இக்கரையில் நின்று அழுததோடு சரி. பாலம் எப்போது முடியும் என்று தினமும் கேட்பவள் அவள்தான். "எங்க வூட்டுச் சாம்பலும் பாலத்துல ஏறிடுச்சுங்க மேஸ்திரி! ரயில் சாம்பலுக்கு எங்க அடுப்பு எளப்பமா?" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

என் வீட்டுக்காரர் வளைவின் உச்சியை அண்ணாந்து பார்த்தார். மற்ற இடமெல்லாம் கறுப்பு. உச்சியில் மட்டும் சாம்பல் பூசணிக்காய் மாதிரி வெளுப்பு. "ரொம்ப நல்லதுங்க" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், தொட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி உருண்டை பிடித்துப் பானைக்குள் போட்டார்.

"என்னாங்க ஆகும்?" என்றேன்.

"ரயில் சாம்பல்ல இருக்கறது நெருப்புல வெந்த மண்ணு புள்ள. அது சுண்ணாம்பப் புடிச்சுக்கும். வெறகுச் சாம்பல்ல பாதி காரம். நீ அதப் போட்டுத்தான துணி வெளுக்கற? தண்ணி பட்டா கரையறது அது. ரெண்டும் கலந்து கெடக்குது. இறுகுமா இறுகாதான்னு உருண்டைதான் சொல்லணும்."

உருண்டை சட்டென்று சொல்லிவிடவில்லை. ரயில் சாம்பல் உருண்டை கல்லாகியிருக்க வேண்டிய நாள் வந்தபோதும் இதில் நகம் பொதுக்கென்று இறங்கியது. உச்சிக் கற்களைப் பிரித்து மறுபடி கட்டலாமா என்று, சேலத்திலிருந்து வந்து விஷயம் தெரிந்துகொண்ட ஓவர்சியர் கேட்டார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. பிரித்துக் கட்ட அவகாசம் இல்லை. முட்டுகளை அப்படியே விடவும் வழியில்லை. வெள்ளம் வந்து மரச்சட்டத்தை அடித்துக்கொண்டு போனால் வளைவையும் சேர்த்து இழுத்துவிடும். முடிந்த மட்டும் காத்திருந்து, வெள்ளம் வருவதற்கு முன்னால் முட்டுகளைப் பிரிப்பது என்று முடிவாயிற்று. உருண்டை நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுகத்தான் செய்தது. ஆனாலும் பிரிப்பதற்கு முந்தின நாள் காலையிலும் நகம் பட்டால் தடம் விழுந்தது.

"இந்த வளைவுக்கு அடியில நீங்க உக்கார வேண்டாம் மேஸ்திரி" என்று ஓவர்சியரே வீடு தேடி வந்து சொன்னார். இவர் கேட்டால்தானே?

அவர் போனதும் நான் பிடித்துக்கொண்டேன். "என்னாங்க நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? வழக்கம் பெருசா, தலை பெருசா?"

"வழக்கம் கெடக்குது புள்ள. மொத வளைவுக்கு உக்காந்தேன். நடு வளைவுக்கு உக்காரலன்னா ஏன்னு ஊரு கேக்கும். அந்தப் பொம்பளைங்க கொட்டுன சாம்பலாலதான்னு வெளிய வரும். ஆசையா கொண்டாந்து குடுத்தாங்க. நாளைக்குப் பாலத்துல ஒரு கல்லு பேந்தாலும் அவங்களத்தான் ஏசுவாங்க. சாகற வரைக்கும் ஏசுவாங்க."

"அதுக்கு நீங்க சாவீங்களாக்கும்!"

விடிந்ததும் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனால் அங்கே அந்த வாயாடி மற்றவர்களோடு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் சாம்பல், நகம் இறங்குகிற உருண்டை, உங்கள் பெயர் கெடக் கூடாது என்று போய் உட்காரப் போகிற மனுஷன், எல்லாம். வாயாடியின் வாய் திறந்தபடியே நின்றது. அவள் வாய் அப்படிச் சும்மா நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்து களி கிண்டினேன். கீரை கடைந்தேன். சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே ஆற்றுக்குள் இறங்கினேன். கரை நிறைய ஜனம். என் வீட்டுக்காரர் நடு வளைவுக்கு அடியில் ஒரு கல்லின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். ஆப்பைத் தட்டுகிறவர்கள் நீளக் கழிகளோடு இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நான் போய் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சட்டியைத் திறந்தேன்.

"என்ன புள்ள இது? மேல போ."

"சாப்பிடாம வந்துட்டீங்க. சாப்பிடுங்க. நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிக்கிறேன்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"உசுரே போவுது. வூட்ல ஒக்காந்து தனியா பயப்படறதுக்கு இங்க ஒக்காந்து பயப்படலாம்னு வந்தேன்."

அவர் என்னைப் பார்த்தார், மேலே உச்சிக் கற்களைப் பார்த்தார். கையில் மடித்த வெற்றிலை மடித்தபடியே இருந்தது. கரையில் ஓவர்சியர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அந்தப் பெண்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் வாயாடி, பின்னால் சாம்பல் கொடுத்த அத்தனை பேரும். வந்து எங்களைச் சுற்றி மணலில் தபதபவென்று உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை வேறு.

என் வீட்டுக்காரர் பதறிப்போனார். "ஐயோ, என்னாம்மா இது! போங்கம்மா! உருண்டை இன்னும் சரியா இறுகலீங்க, சொன்னாக் கேளுங்க!"

"அப்ப நீங்க எதுக்குங்க உக்காந்திருக்கீங்க?" என்றாள் வாயாடி. பிறகு கரையில் நின்ற ஊருக்கே கேட்கும்படி எழுந்து நின்று கத்தினாள். "தெரிஞ்சுக்குங்க எல்லாரும்! இந்த வளைவுல எங்க அடுப்புச் சாம்பல் இருக்குது. நாங்கதான் கொட்டினோம். தெரியாமக் கொட்டினோம். விழுந்தா எங்களால விழுந்துச்சுன்னு சொல்லிக்குங்க. அதனால எங்களுக்கு என்னா கொறஞ்சு போவுது?" இவர் பக்கம் திரும்பினாள். "ஊருக்குச் சொல்லியாச்சு. இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. நீங்க எந்திரிங்க மேஸ்திரி. நீங்க எந்திரிச்சாத்தான் நாங்க எந்திரிப்போம்."

அவர் களிச் சட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்ததுதான் தாமதம், எங்கள் கூட்டம் விழுந்தடித்துக்கொண்டு கரையேறியது. அதுவரை வீராப்பாக உட்கார்ந்திருந்த வாயாடிதான் எல்லாருக்கும் முன்னால் ஓடினாள்.

கழிகள் ஆப்புகளைத் தட்டின. ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு விழுந்தன. மரச்சட்டம் முனகிக்கொண்டே இறங்கியது. உச்சியிலிருந்து வெள்ளைத் தூள் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்தில் நின்றவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். வளைவு கொஞ்சம் அமுங்கியது, கண்ணாலேயே தெரிந்தது. அப்படியே நின்றது. அதற்கு மேல் அது அசையவில்லை. யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது, ஆனால் ஓவர்சியர் தொப்பியைத் தூக்கி எறிந்ததைப் பார்த்தேன். அது மணலில் போய் விழுந்தது. காளைக்காரர் தன் காளைகளைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் ஏதேதோ சொன்னார்.

களியை அன்றைக்குக் கரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ஆளுக்கு ஒரு கவளம்கூட வரவில்லை.

அடுத்த வாரமே வெள்ளம் வந்தது. நடு வளைவின் கால்களை மோதிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மழை ஓய்ந்து வெயில் காய்ந்ததும் நடு வளைவின் உச்சி முழுக்க உப்புப் பூத்தது போல வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அடுப்புச் சாம்பலின் காரம் ஈரத்தோடு வெளியே வருகிறது, வளைவுக்குக் கெடுதல் இல்லை என்றார் இவர். பெண்களுக்கு அதெல்லாம் எதற்கு? எது எந்த வீட்டுச் சாம்பல் என்று அந்த வெள்ளையைக் காட்டி அவர்களுக்குள் சண்டையே வந்தது.

வெள்ளம் வடிந்த பிறகு கட்டிய மூன்றாவது வளைவு முழுக்க ரயில் சாம்பல். உருண்டை கல் மாதிரி இறுகியிருந்தது. நான்தான் அழுத்திப் பார்த்தேன், நகம் இறங்கவே இல்லை. முட்டுப் பிரிக்கிற அன்று ஊரே வந்திருந்தது. வாயாடியின் அக்கரை மகளும் கைப்பிள்ளையோடு வந்து எதிர்க் கரையில் நின்றிருந்தாள். என் வீட்டுக்காரர் வளைவை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுக் கரையிலேயே நின்றார்.

"என்னாங்க மேஸ்திரி, உக்காரலீங்களா?" என்று கேட்டாள் வாயாடி.

"இருங்க, வூட்ல கேட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கும் நடுவில் என் பக்கம் திரும்பினார். ஊரே என்னைப் பார்த்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கூடாது என்று தலையை ஆட்டினேன்.

அவர் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு, ஆப்பைத் தட்டச் சொன்னார்.